ஏழாம் கேள்வி

கணினி தந்தவர்கள் ஒரு படிவமும் தந்திருக்கிறார்கள்.
ஏழாம் கேள்விக்கு இரண்டு பெட்டி:
இடப்பக்கம் நன்மைகள், வலப்பக்கம் தீமைகள்,
ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி.
வெள்ளிக்கிழமைக்குள் கந்தோருக்குப் போகவேணும்.

குருநகர் முன்பள்ளியில் இருபத்தாறு பிள்ளைகள்,
ஒரு கணினி, ஒரு மவுஸ்.
ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று
சுவர் மணிக்கூட்டைக் காட்டி வைத்திருக்கிறேன்.
நேரம் பார்க்கத் தெரியாதவர்கள்
ஐந்து நிமிடத்தை மட்டும் பிசகாமல் அறிவார்கள்.
பெரிய முள் எட்டிலிருந்து ஒன்பதைத் தொட்டால்
"ரீச்சர், அவன்ர முடிஞ்சுது!"
இதை எந்தப் பெட்டியில் எழுத?

திரையில் நீலக் கடல்.
"மீன்களைத் தொடு" என்கிறது
கடல் கடந்து பதிவான ஒரு தேன்குரல்.
ஜெனிற்றன் தொடவில்லை.
"இது ஓரா. அது பாரை மாதிரி, ஆனா வால் பிழை.
உந்தச் சிவப்பு எங்கட கடலில இல்லை ரீச்சர்."
குரல் மறுபடி சொல்கிறது.
மறுபடியும்.
பிறகு ஒரு சோக முகம், பூச்சியம் புள்ளி.
விடியக் கரைக்குப் போய்
தகப்பனின் வலையில் விழுந்ததையெல்லாம்
பெயர் சொல்லிப் பிரிக்கிற நாலரை வயது
என் கண்முன்னே தோற்றது.
அடுத்த கிழமை
ஓரா, பாரை, இல்லாத சிவப்பு
எல்லாவற்றையும் தொட்டான்.
ஐந்து நட்சத்திரம்.
கைதட்டினோம். நானும்தான்.

மெரிஷா தை மாதம் சேர்ந்தவள்.
ஐப்பசி வரை ஒருவரோடும் கதைக்கவில்லை.
பெயர் கேட்டால் சட்டை விளிம்பைச் சப்புவாள்.
ஒரு மழைநாள், வரவு ஏழு பேர்தான்,
வாத்து எண்ணுகிற விளையாட்டின் முன்னால்
அவளை இருத்திவிட்டு
ஒழுக்குக்குக் கீழே வாளி வைக்கப் போனேன்.
வாத்து அவசரப்படுத்தாது.
பிழை விட்டால் பக்கத்து வாங்கிலிருந்து சிரிக்காது.
அவளுடைய தகப்பன் எங்கே என்று
வாத்துக்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது.
"ஒண்டு" என்றாள்.
எனக்கல்ல, வாத்துக்கு.
"ரெண்டு."
வாளியும் கையுமாய் நான் அசையவில்லை,
கால் பெருவிரலில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு வரை போனாள்.
பதின்மூன்று அந்த விளையாட்டில் இல்லை.
திரும்பி என்னைப் பார்த்தாள்.

இன்னுமொன்று.
றொய்ஸ்ரனின் களிமண் யானை
மேசையிலிருந்து விழுந்து உடைந்தது.
அவன் அழவில்லை.
மேசையின் வலது மூலையில்
விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்,
திரும்பத் தொடங்குகிற பொத்தான்
அங்கே இருக்கிறதாக.
ஏழெட்டுத் தரம் தட்டிய பிறகுதான் அழுதான்.

கரண்ட் போனாலும்
கதிரையைச் சுற்றி ஐந்தாறு பேர் எழும்பமாட்டார்கள்.
கறுத்த திரையில் தெரிகிற
தங்கள் முகங்களுக்குப் பல்லைக் காட்டுவார்கள்.
அதற்குப் புள்ளி இல்லை.
அன்றைக்குத்தான் கூடச் சிரிப்பு.

உள்ளதைச் சொன்னால்,
இருபத்தாறுக்கு நான் ஒருத்தி.
அவர்கள் திரைக்குள் இருக்கும்போது
சூடு ஆறாத தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.
படிவத்தில் அதற்கும் இடமில்லை.

கடைசியில் இடப்பக்கம்
"எண்களை விரைவாக இனங்காண்கின்றனர்" என்றும்
வலப்பக்கம்
"கண் கூசுவதாகச் சிலர் கூறினர்" என்றும் எழுதினேன்.
இரண்டும் பொய்யில்லை.

முத்திரையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால்
ஜெனிற்றன் படிவத்தைக் கவிழ்த்துப் போட்டு
பின்பக்கத்தில் கீறிக்கொண்டிருக்கிறான்:
முட்டை மாதிரி உடம்பு, சின்ன வாய்,
முதுகு நெடுக முள், முள், முள்.
பறிக்கப் போன என் கையைத்
தன் கையால் மறித்தான்.
"தொட்டிடாதேங்கோ ரீச்சர்.
ஓரா குத்தினா விடியவிடியக் கடுக்கும்."